400 கையெழுத்து வந்துவிட்டால் முடிவை மாற்றிவிடலாமா?

கேள்வி:

புகைப்படக் கலை பழகுபவர்களுக்கான ஒரு இணையக் குழுவைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன். சுமார் 12,000 உறுப்பினர்கள். நிர்வாகத்தில் ஐந்து பேர், எல்லோருமே சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள். நீண்ட நாட்களாக மட்டுறுத்துநராக (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துகிறவர்) இருந்த ஒருவரைப் போன மாதம் பொறுப்பிலிருந்து நீக்கினோம். புதிதாகச் சேர்ந்த மூன்று பேர், அவர் தனிச்செய்தியில் தங்களைத் தொடர்ந்து மட்டம்தட்டினார், எதிர்த்துப் பேசினால் கணக்கை முடக்கிவிடுவேன் என்று மிரட்டினார் என்று தனித்தனியாக எழுதியிருந்தார்கள். தங்கள் பெயர் வெளியே வரக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதனால் ‘நிர்வாகக் காரணங்களுக்காக’ என்று ஒரே வரியில் அறிவித்தோம். அன்று இரவே பிரச்சினை வெடித்தது. அவரிடம் பாடம் கற்றவர்கள் குழுவில் ஏராளம். அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி 400 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கண்டனப் பதிவுகளை நீக்கிப் பார்த்தோம், இன்னும் மோசமானது. நிர்வாகிகளில் ஒருவர் விலகிவிட்டார். இன்னொருவர் வாக்கெடுப்பு வைக்கலாம் என்கிறார். மற்றொருவர், ஒரு தடவை பணிந்தால் இனி எப்போதும் பணிய வேண்டியதுதான் என்கிறார். நானும் விலகல் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த மூன்று பேரைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் அவர்கள் இரண்டு வரியில் வந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கப்புறம் கடிதம் முழுக்க 400 பேர்தான். உங்கள் நிர்வாகக் குழுவின் பேச்சிலும் இதுவே நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். சத்தம் போடுகிறவர்களை எண்ணிவிடலாம். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்கள் அந்த எண்ணிக்கையில் வரவே மாட்டார்கள். இன்றைக்கே மூவருக்கும் தனித்தனியாக நான்கு வரி எழுதுங்கள். உங்கள் பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, முடிவை மறுபரிசீலனை செய்தாலும் உங்களைக் கேட்காமல் எதையும் யாருக்கும் காட்ட மாட்டோம் என்று சொல்லுங்கள். இந்தக் கொந்தளிப்பைப் பார்த்து அவர்கள் எவ்வளவு பயந்துபோயிருப்பார்கள் என்பதை நினைத்துத்தான் இதை முதலில் வைக்கிறேன்.

சரி, இப்போது 400 பேர். இணையக் குழுக்களின் நிர்வாகிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். இந்த மாதிரி நேரத்தில் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான். எதிர்ப்பை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று அது சொல்கிறது. எந்த இடத்தில் என்பதை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும். ‘இவரை நீக்கியது தப்பு’ என்று 400 பேர் எழுதியிருக்கலாம். ஆனால் ஏன் நீக்கினீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி அவர்கள் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. தாங்கள் மதித்த ஒருவர், ஒரே வரி அறிவிப்பில், காரணம் சொல்லப்படாமல் காணாமல்போனார். கேள்வி கேட்ட பதிவுகளும் காணாமல்போயின. அந்தக் கோபம் நியாயமானது.

ஆகவே உட்கார்ந்து அந்தக் கையெழுத்துகளையும் கருத்துகளையும் முழுக்கப் படியுங்கள். ‘அவர் நல்லவர், அப்படிச் செய்திருக்க மாட்டார்’ என்பவர்கள் ஒரு பக்கம். ‘என்ன நடந்தது என்று ஏன் சொல்லவில்லை, நாளை எனக்கும் இதுதானா’ என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். வேறு எங்கிருந்தோ ஸ்கிரீன்ஷாட் பார்த்துவிட்டு நேற்று உள்ளே வந்தவர்களும் இருப்பார்கள். இரண்டாவது வகைதான் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும். அவர்களுக்கு அந்த மட்டுறுத்துநர் திரும்பி வருவதைவிட, குழுவில் தங்களுக்கு மரியாதை இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

தலைப்புக்கு ஒரு பகுதி என்று ஆயிரக்கணக்கான பகுதிகளைக் கொண்ட ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 2015 ஜூலையில் நடந்ததை இதற்கு உதாரணமாகச் சொல்வேன். பிரபலங்களிடம் உறுப்பினர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் பகுதியை ஒருங்கிணைத்துவந்த விக்டோரியா டெய்லர் திடீரென்று வேலையை விட்டு நீக்கப்பட்டார். அந்தப் பகுதியை நடத்திய தன்னார்வ மட்டுறுத்துநர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து வரவிருந்த விருந்தினர்களை யார் கவனிப்பது என்றும் தெரியவில்லை. பகுதியைப் பூட்டினார்கள். அவர்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிற பகுதிகளும் பூட்டப்பட்டன. தலைமைச் செயல் அதிகாரி எலன் பாவ் விலக வேண்டும் என்ற மனுவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. ஜூலை 10 அன்று அவர் விலகினார். ஆனால் அந்த நேர்காணல் பகுதியின் நடைமுறையை மாற்றும் முடிவு தன்னுடையது என்று இணை நிறுவனர் அலெக்சிஸ் ஓஹானியன் தானே எழுதினார். கூட்டம் கண்ணுக்குத் தெரிந்த முகத்தைக் கேட்டது, கிடைத்தது. தன்னார்வலர்களை மதிக்காமல், அவர்களிடம் பேசாமல் முடிவெடுத்ததுதான் உண்மையான குறை. ஒருவர் விலகியதால் அது தானாகச் சரியாகிவிடவில்லை. கூட்டம் கேட்பது ஒன்றாகவும் அதற்கு வலிப்பது வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதால்தான், கேட்டதை அப்படியே கொடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

400 என்ற எண்ணிக்கையைப் பார்த்து அசந்துபோக வேண்டாம். அலட்சியமும் வேண்டாம். எதிர்ப்பின் அளவுக்கும் அதன் பலனுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததில்லை. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ கொண்டுவந்தபோது சில நாட்களிலேயே பல லட்சம் பேர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். மார்க் ஸக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார், எதை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதிகளைச் சேர்த்தார், ஆனால் நியூஸ் ஃபீடை எடுக்கவில்லை. எதிர்த்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இதற்கு நேர்மாறாக, 2002இல் ஸ்பானிஷ் விக்கிப்பீடியாவில் ஒரு சிறு கூட்டம்தான் கோபப்பட்டது. விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் தங்கள் கட்டுரைகளின் பிரதியை எடுத்துக்கொண்டு போய்த் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். விக்கிப்பீடியா இன்றுவரை விளம்பரம் இல்லாமல் இருப்பதில் அந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. அவர்கள் குழுவைத் தோளில் சுமந்தவர்கள், போக இடமும் இருந்தது, என்ன வேண்டும் என்பதிலும் தெளிவாக இருந்தார்கள்.

2023 ஜூனில் ரெடிட் மறுபடி பூட்டப்பட்டது. ரெடிட்டைப் படிக்க வெளியார் உருவாக்கிய செயலிகளுக்கு நிறுவனம் வைத்த கட்டணத்தை எதிர்த்து 8,000க்கும் மேற்பட்ட பகுதிகள் மூடின. ஆனால் பெரும்பாலானவை 48 மணி நேரம் மட்டுமே என்று முதலிலேயே அறிவித்துவிட்டன. எப்போது முடியும் என்று தெரிந்த எதிர்ப்பை நிர்வாகம் பொறுத்துக் கடந்துவிட முடிந்தது. கட்டணம் நின்றது, அப்போலோ போன்ற செயலிகள் அந்த மாதக் கடைசியில் மூடப்பட்டன. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான, லாப நோக்கமில்லாத செயலிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இன்னாருக்கு இன்னது வேண்டும் என்று துல்லியமாகக் கேட்கப்பட்ட இடத்தில்தான் நிர்வாகம் இறங்கி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

இதை வைத்து உங்கள் பட்டியலைப் பாருங்கள். தினமும் புதியவர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிறவர்கள், மாதப் போட்டியை நடத்துகிறவர்கள், பாடங்களைத் தொகுக்கிறவர்கள் இதில் எத்தனை பேர்? இருபது பேராக இருக்கலாம். அந்த இருபது பேரிடம் நீங்கள் நேரில் பேச வேண்டும். பொது அறிவிப்பு போதாது, ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். காரணத்தைச் சொல்ல முடியாது என்பதையும், ஏன் சொல்ல முடியாது என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அது அடுத்த ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே வரும், வரவும் வேண்டும்.

அடுத்தது, பணிந்தால் எப்போதும் பணிய வேண்டியதுதான் என்கிற உங்கள் சகநிர்வாகியின் பயம். அவர் சொல்வதில் பாதி உண்மை. முடிவை மாற்றினால் குழு என்ன கற்றுக்கொள்ளும் என்பது, எதற்காக மாற்றினீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘400 பேர் கேட்டதால் மாற்றினோம்’ என்றால் அடுத்த முறை 500 பேரைத் திரட்டுவார்கள். ‘முடிவை எடுக்காத சிலர் எல்லாவற்றையும் பார்த்தார்கள், இந்தக் குறையைக் கண்டார்கள், அதனால் மாற்றினோம்’ என்றால், முறையாகக் கேட்டால் முறையாகப் பார்ப்பார்கள் என்று கற்றுக்கொள்வார்கள். மாற்றாமல் நிற்பதற்கும் இதே கணக்குதான். ‘நாங்கள் சொன்னால் சொன்னதுதான்’ என்று நிற்பதும், பார்த்துவிட்டு நிற்பதும் ஒன்றல்ல.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒன்று 2019இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் நடந்தது. அங்கே பல வருடம் நிர்வாகியாக இருந்த ஒருவரை, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை ஜூன் மாதம் நேரடியாக ஒரு வருடத்துக்குத் தடைசெய்தது. புகார் கொடுத்தவர்கள் யார், ஆதாரம் என்ன என்று எதையும் வெளியிடவில்லை. தடைசெய்யப்பட்டவருக்கே முழுசாகக் காட்டவில்லை. வழக்கமாக இப்படிப்பட்ட விவகாரங்களைச் சமூகமே தேர்ந்தெடுத்த நடுவர் குழுதான் விசாரிக்கும். அதைத் தாண்டி மேலேயிருந்து முடிவு வந்ததுதான் கொதிப்புக்குக் காரணம். அவர் முரட்டுத்தனமாகப் பேசுகிறவர் என்பதை ஒத்துக்கொண்டவர்கள்கூட எதிர்த்தார்கள். 20க்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். அறக்கட்டளை தடையை அப்படியே தூக்கிவிடவில்லை, பிடிவாதமாகவும் நிற்கவில்லை. விவகாரத்தை நடுவர் குழுவிடம் ஒப்படைத்தது. புகார் கொடுத்தவர்களின் அடையாளம் தெரியாதபடி மறைத்து ஆவணத்தைக் கொடுத்தது. நடுவர் குழு சில மாதங்கள் எடுத்துப் பார்த்து, செப்டம்பரில் தடையை ரத்துசெய்தது. ஆனால் நிர்வாகிப் பொறுப்பைத் தானாகத் திருப்பித் தரவில்லை. வேண்டுமானால் சமூகத்திடம் புதிதாக விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. முழு வெற்றி இரண்டு பக்கத்துக்கும் இல்லை. ஆனாலும் அந்த முடிவைப் பலரால் ஏற்றுக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் அதைச் சொன்னவர்களைச் சமூகம் ஏற்கெனவே நம்பியிருந்தது. அதே வருடம் கேள்வி-பதில் தளங்களை நடத்தும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் நிறுவனமும் ஒரு தன்னார்வ மட்டுறுத்துநரைத் திடீரென்று நீக்கி, பல மட்டுறுத்துநர்கள் வரிசையாக விலகிய பிறகுதான், நீக்குவதற்கும் மீண்டும் சேர்ப்பதற்கும் எழுத்தில் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. அந்த நடைமுறை முன்பே இருந்திருந்தால் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள் என்று நான் இப்போதும் வருத்தத்தோடு நினைப்பதுண்டு.

உங்களிடம் நடுவர் குழு கிடையாது. அமைத்துவிடலாம். மூன்று பேர் போதும். உங்கள் ஐவரில் யாரும் வேண்டாம், நீக்கப்பட்டவரின் நெருங்கிய சீடர்களும் வேண்டாம். ஒருவராவது கையெழுத்துப் போட்டவர்கள் மதிக்கிற ஆளாக இருக்கட்டும். மனு எழுதியவரிடமே மூன்று பெயர் கேட்டு, அதில் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். புகார் கொடுத்த மூவரும் சம்மதித்தால், அவர்கள் பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மறைத்துவிட்டுச் செய்திகளைக் காட்டுங்கள். சம்மதிக்காவிட்டால் அவர்கள் பேச்சைக் காட்டாமல், நீங்கள் எப்படி விசாரித்தீர்கள் என்பதை மட்டும் காட்டுங்கள். அது முழுமையாக இருக்காதுதான், ஆனாலும் பரவாயில்லை. நீக்கியதற்குப் போதிய காரணம் இருந்ததா, நீக்கிய முறை சரியா, இந்த இரண்டை மட்டும் அவர்கள் பார்க்கட்டும். எந்தத் தேதிக்குள் முடிப்பார்கள் என்பதையும், அவர்கள் முடிவு உங்களைக் கட்டுப்படுத்தும் என்பதையும் தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று பின்னால் சொன்னால் இப்போதைய நிலைமையைவிடக் கேவலமாகிவிடும்.

இன்னொன்று. நீக்கப்பட்டவரிடம் புகாரைச் சொல்லி, அவர் பக்கத்தைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. கேட்கவில்லை என்றால், முறை தப்பு என்பதற்கு வேறு விசாரணையே வேண்டாம். இப்போதாவது கேளுங்கள். நீண்ட காலம் உழைத்தவர். மிரட்டியது உண்மையாகவே இருந்தாலும், தன்மேல் என்ன புகார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. இந்த மனுவை அவர் கேட்டு வாங்கினார் என்று நீங்களாக முடிவு கட்டிவிடவும் வேண்டாம். பல நேரம் நண்பர்கள் எடுக்கும் கொடியைக் கீழே வைக்கச் சொல்ல முடியாமல் அந்த ஆளே தவித்துக்கொண்டிருப்பார்.

வாக்கெடுப்பு வேண்டாம். ஒரு மனிதரைப் பற்றிய புகாரை, ஆதாரம் பார்க்காதவர்களின் வாக்குக்கு விடுவது புகார் கொடுத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். அவர்கள் தோற்றால் மொத்தக் குழுவும் தங்களைப் பொய்யர் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். விதிகளைப் பற்றி வாக்கெடுப்பு வைக்கலாம், நல்லதுதான், அதையும் அவசரத்தில் வைக்க வேண்டாம். டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) சமூகத்தில் எழுதப்பட்ட அரசியலமைப்பே இருக்கிறது, பெரிய விவகாரங்களுக்கு உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவி, ஒரு சர்ச்சையில் விலகியிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 2021இல் அதன் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியபோது, அவரை எதிர்த்தும் ஆதரித்தும் ஆயிரக்கணக்கான கையெழுத்துகள் இணையத்தில் குவிந்தன. டெபியன் என்ன சொல்லப்போகிறது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘இந்த விஷயத்தில் டெபியன் பொது அறிக்கை எதுவும் வெளியிடாது’ என்ற வாய்ப்புதான் வாக்கெடுப்பில் வென்றது. வெளியே அவ்வளவு சத்தம், உள்ளே பெரும்பான்மையோருக்கு வேறு எண்ணம். அப்படிப்பட்ட வாய்ப்பு ஒன்றை வாக்குச்சீட்டில் வைத்திருந்ததால்தான் அது தெரியவந்தது. யார் எப்படி வாக்களித்தார் என்பது வெளியே தெரிவதால் தொந்தரவு வரும் என்ற கவலை எழுந்து, அடுத்த வருடமே அதை ரகசியமாக்கினார்கள்.

நீக்கிய பதிவுகளைத் திரும்பப் போடுங்கள். 2007 மே 1 அன்று, உறுப்பினர்கள் செய்தி இணைப்புகளைப் பகிரும் டிக் தளத்தில், எச்.டி. டிவிடிகளின் பூட்டைத் திறக்கும் குறியீடு ஒன்றை உறுப்பினர்கள் பதிந்தார்கள். வழக்குக்குப் பயந்து நிர்வாகம் நீக்கியது. நீக்க நீக்கப் பக்கம் முழுக்க அந்தக் குறியீடே நிறைந்தது. அன்றிரவே நிறுவனர் கெவின் ரோஸ் நீக்குவதை நிறுத்துவதாக அறிவித்தார். அங்கே சட்டச் சிக்கலாவது இருந்தது. உங்களுக்கு அதுவும் இல்லை. புகார் கொடுத்தவர் இவராக இருக்குமோ என்று ஊகிக்கும் பதிவுகளை மட்டும் தயங்காமல் நீக்குங்கள், ஏன் நீக்கினோம் என்று அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு கோட்டில் யாருக்காகவும் இறங்க வேண்டாம்.

அப்புறம் அறிவிப்பு. குழுவின் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். நீளமாகவும் வேண்டாம். ஒரே வரியில் அறிவித்தது தவறு, பதிவுகளை நீக்கியது தவறு, இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று தொடங்குங்கள். சிலரின் பாதுகாப்புக்காகக் காரணத்தை வெளியிட முடியாது, வருங்காலத்திலும் வெளியிட மாட்டோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மூவர் குழு, அதன் கேள்விகள், தேதி. அவ்வளவுதான். ‘சிலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள்’ என்று எழுதாதீர்கள், ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்றும் எழுதாதீர்கள். கோபமாக இருக்கிறவருக்கு இரண்டுமே அவமானமாகத்தான் படும். நீக்கப்பட்டவரைப் பற்றி ஒரு குறையும் ஒரு புகழும் வேண்டாம். அறிவித்த பிறகு விவாதத்துக்கு ஒரே ஒரு இடத்தைக் கொடுத்து, நீங்கள் எப்போது வந்து பதில் சொல்வீர்கள் என்பதையும் சொல்லி, அந்த நேரத்துக்குத் தவறாமல் வாருங்கள்.

கடைசியாக உங்கள் விலகல் கடிதம். பைத்தான் நிரல்மொழியைத் தொடங்கிய கிடோ வான் ரோசம், 2018 ஜூலையில், ஒரு சிறிய இலக்கண மாற்றத்தைப் பற்றிய கடுமையான சண்டைக்குப் பிறகு தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். தனக்குப் பின் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மாற்றத்தை ஏற்பதா வேண்டாமா என்ற முடிவை எடுத்து முடித்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு அந்தச் சமூகம் பல மாதம் விவாதித்து, ஐந்து பேர் கொண்ட தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஒன்றை அமைத்துக்கொண்டது. நீங்களும் இதை முடித்துவிட்டுப் போங்கள். நடுவில் விலகினால் மனுவில் அடுத்த பெயர் உங்கள் சகநிர்வாகியுடையதாக இருக்கும், புகார் கொடுத்த மூவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் ஆள் இருக்காது. மூவர் குழு அறிக்கை கொடுத்து, அதை நிறைவேற்றிய பிறகும் களைப்பு இதே அளவு இருந்தால், அந்தக் கடிதத்தை வெளியிடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குள் மட்டுறுத்துநரை எப்படி நியமிப்பது, எத்தனை வருடத்துக்கு, புகார் வந்தால் யார் விசாரிப்பது என்று ஒரு பக்கத்துக்காவது எழுதி, குழுவின் முன் வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.